பிட்டுப் பார்க்கும் வேலை

எங்கள் தெருவில் பெயர்ப்பலகை இல்லாத கடை அது ஒன்றுதான். ரொட்டி வேகும் வாசனையே தெருமுனை வரையில் வந்து ஆளை அழைத்துச் செல்லும்போது பலகை எதற்கு என்று அவ்வீட்டார் எண்ணியிருக்க வேண்டும். முன்புறம் கடை, அதன் பின்னே நீளமானதோர் அறை, அறையின் கோடியில் செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு. அடுப்பின் எதிரே மரத்தாலான மாவுத்தொட்டி. இரண்டுக்கும் நடுவில், பல்லாண்டுகள் மாவு உருட்டித் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட ஒரு மேசை.

அடுப்பைக் கவனிப்பவர் வீட்டுக்காரர். தெருவில் அவரை அடுப்புக்காரர் என்பர். மாவு பிசைவதும் உருட்டுவதும் அவர் மனைவியின் வேலையாக இருந்தமையால் அந்த அம்மாள் மாவுக்காரம்மாள் ஆனார். கடையில் நின்று விற்பவர் அடுப்புக்காரரின் தங்கை. கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். உடம்பு விறகுக் குச்சி. நாக்கு அந்தக் குச்சியின் முனை. மாவுக்காரம்மாளுக்கு நாத்தனார் என்பதால் தெருவே அவரை நாத்தனார் என்றுதான் அழைத்தது. அத்தனை ஆண்டுகள் ரொட்டி விற்றும், தாம் விரும்பி ஒரு ரொட்டியைத் தின்றதில்லை என்பது அவரைப் பற்றி எல்லாரும் அறிந்த செய்தி.

அவ்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் ஈடு ரொட்டியும் அடுப்பிலிருந்து வெளிவந்தவுடன், அடுப்புக்காரர் ஒரு ரொட்டியை எடுத்துத் துணியில் பொதிந்து மேசைமேல் வைப்பார். மாவுக்காரம்மாள் அதைக் கவிழ்த்து, மடக்கிய விரல்களால் அடிப்புறத்தில் தட்டிக் கேட்பார். உள்ளே வெந்திருந்தால் வெற்றுப் பானையைத் தட்டிய ஓசை வரும். பிறகு பிட்டு, ஆவியை முகர்ந்து, ஒரு துண்டை வாயிலிட்டுக் கண்ணை மூடி மெல்வார். அதுவரையில் அறையில் எவரும் வாய் திறவார். அவர் தலை அசைந்தால் ரொட்டிகள் கடைக்குப் போகும், அசையாவிட்டால் போகா. இதற்குப் பிட்டுப் பார்ப்பது என்று பெயர். ரொட்டி, பன், வெண்ணெய் பிஸ்கட் எதற்கும் விலக்கில்லை. பிட்ட ரொட்டியை விற்க முடியாது. எறியவும் மனம் வராது. ஆகவே மிச்சமும் வேலையோடு வேலையாக அம்மாளின் வயிற்றுக்குள்ளேயே போய்விடும்.

நோய் முதலில் விரல்களில்தான் தொடங்கியது. காலையில் எழுந்தால் கை மூடாது. மாவு பிசைகிற கை, அலுத்துப்போயிற்று என்று எண்ணினார். பின்னர் மணிக்கட்டு வீங்கிற்று; அதற்குப் பின் முழங்கால். ஒருநாள் மாவு மூட்டையின் வாய்க்கயிற்றை அவிழ்க்க மாட்டாமல், பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தவரை, அறையில் உதவிக்கு நிற்கும் மகன் பார்த்துவிட்டான். அதன் பிறகே மருத்துவமனைக்குப் போனார்கள். முடக்குவாதம் என்றார்கள். வெளிப்பகையிடமிருந்து உடம்பைக் காக்க வேண்டிய காவலே, சொந்த மூட்டுகளைப் பகை என்று மயங்கித் தாக்குகின்ற நோய். மாத்திரைகள் வந்தன. தொட்டி மகனிடம் போயிற்று. அம்மாளுக்கு எஞ்சியது மேசையருகே ஒரு நாற்காலியும், பிட்டுப் பார்க்கும் வேலையும். தட்டிக் கேட்பதற்குக்கூட விரல் மடங்காததால் அதைக் கணவரே செய்தார்.

"கை போனா என்ன, வாய் இருக்குல்ல" என்று அம்மாள் சிரிப்பார். அந்த ஒரு வேலையும் போய்விட்டால் தாம் அவ்வறையில் ஒரு மூட்டை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலால் முன்னைக் காட்டிலும் கவனமாகப் பிட்டார். முன்னைக் காட்டிலும் அதிகமாக மென்றார். முதலில் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று பசியையும் கிளப்பிவிட்டது. உடம்பு பெருத்தது. மூட்டுகளின் வீக்கமோ இறங்கவில்லை.

கோடையின் தொடக்கத்தில் மருத்துவரிடம் போனபோது, அடுப்பை விட்டு வர முடியாத அண்ணனுக்குப் பதிலாக நாத்தனார் துணைக்குப் போனார். மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். அம்மாளின் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?"

"ஒரு வேளை தவறல டாக்டர்."

"ஆனா வீக்கம் அப்படியே இருக்கே. ரத்தத்துலயும் வீக்கத்தோட அளவு நான் நினைச்ச மாதிரி இறங்கல. எடைதான் ஏறியிருக்கு."

"உட்கார்ந்த இடத்துலயே இருக்கேன். ஏறாம என்ன செய்யும்?" என்ற அம்மாள், சிறிது தயங்கிவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் குண்டா இருக்கறதாலதான் இது வந்துச்சா? தெருவுல அப்படித்தான் பேசிக்கறாங்க" என்றார்.

மருத்துவர் வாய் திறக்குமுன் நாத்தனார் முந்திக்கொண்டார். "வெளியில ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. என்னைவிட ஒல்லி. அதுக்கும் இதே நோயாம், அதுவே சொல்லுச்சு. தெருவுல பேசறவங்க வாயை நான் பார்த்துக்கறேன், நீங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க."

மருத்துவர் புன்னகைத்தார். "அவங்க சொல்றது சரி. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா வந்த பிறகு எடைக்கு ஒரு பங்கு இருக்கும்மா. முழங்கால்ல பாரம் அழுத்தறது ஒண்ணு. அது மட்டும் இல்ல. அதிகப்படியான கொழுப்பு சும்மா கிடக்கறதில்ல. வீக்கத்தைக் கிளப்பற சரக்கை உள்ளுக்குள்ள சுரந்துக்கிட்டே இருக்கும். நான் ஒரு பக்கம் மருந்து குடுத்து இறக்கறேன், அது இன்னொரு பக்கம் ஏத்திவிட்டுக்கிட்டே இருக்கு. அதனால மருந்து முழுசா வேலை செய்ய மாட்டேங்குது. சரி, என்ன சாப்பிடறீங்க? காலையில இருந்து சொல்லுங்க."

அம்மாள் சொன்னார். மூன்று வேளை உணவையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மருத்துவரின் நெற்றி சுருங்கிற்று. "இவ்வளவுதானா? இதுக்கு எடை ஏறக்கூடாதே."

"இவ்வளவுதான் டாக்டர். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"பிட்டுப் பார்க்கறீங்களே அண்ணி, அது?" என்றார் நாத்தனார்.

"அது எதுக்கு இங்க? டாக்டர் சாப்பாட்டைக் கேக்கறாங்க."

"வாயிலதானே போடறீங்க?"

"வாயில போட்டா சாப்பாடா? அது வேலைடி!"

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். ஈட்டுக்கு ஒரு ரொட்டி என்பதையும், காலையும் மாலையும் ஓய்வின்றி ஈடுகள் இறங்கும் என்பதையும், பிஸ்கட் தனி, பன் தனி என்பதையும் கேட்டறிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. சொல்லிக்கொண்டே வந்த அம்மாளின் குரல் வரவரத் தணிந்தது. அவர் பொய் சொன்னவர் அல்லர். தபால்காரர் கடிதம் கொடுக்க நடந்த தூரத்தை நடைப்பயிற்சி என்று கணக்கில் சேர்ப்பதில்லை அன்றோ? அதைப் போலத்தான் அவரும் இருந்தார்.

"பட்டினி கிடக்க வேண்டாம், அது இன்னும் கெடுதல். மாத்திரையையும் விடக்கூடாது" என்றார் மருத்துவர். "மெதுவா குறைங்க, தினமும் கொஞ்சம் நடங்க. இப்ப இருக்கற எடையில பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலே நிறைய பேருக்கு வித்தியாசம் தெரியுது. உங்களுக்கும் கட்டாயம் ஆகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா முயற்சி பண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்."

அம்மாள் வலக்கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார். விரல்கள் பாதி வழியில் நின்றன. "இது மூடுமா டாக்டர்?"

"மூட்டு இன்னும் கெடல. வீக்கம் இறங்கினா மூடறதுக்கு வழி இருக்கு. இப்படியே ரொம்ப நாள் வீங்கிக் கிடந்தா உள்ளே அரிச்சிடும். அப்புறம் எந்த மருந்தாலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது."

பேருந்தில் திரும்பி வருகையில், பாதி வழி வந்தபின் அம்மாள், "காட்டிக் குடுத்துட்டியேடி" என்றார்.

"நான் எங்க காட்டிக் குடுத்தேன்? உங்க கன்னம் காட்டிக் குடுத்துச்சு" என்றார் நாத்தனார். அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கண்ணில் நீரும் இருந்தது. அதை நாத்தனார் பார்க்கவில்லை என்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாலை ஈடு ஆயத்தமாக இருந்தது. அடுப்புக்காரர் வழக்கம்போல் ஒரு ரொட்டியைத் துணியில் பொதிந்து மேசைமேல் வைத்தார். அம்மாள் நாற்காலியில் அமர்ந்தார், ரொட்டியைத் தொடவில்லை.

"இனிமே நான் பிட்டுப் பார்க்கறதில்லங்க."

அடுப்புக்காரர் ரொட்டி எடுக்கும் நீண்ட பலகையைச் சுவரில் சாய்த்தார். நடந்ததை நாத்தனார் சொல்லக் கேட்டார். அவர் அதிகம் பேசாதவர். அடுப்பைப் பார்த்துக்கொண்டே யோசிப்பவர். "புரியுது" என்றார். "ஒரு கையால தண்ணி தெளிச்சிக்கிட்டு இன்னொரு கையால விறகு போட்ட மாதிரி. அடுப்பு எப்படித் தணியும்?"

"அதேதான்."

"அப்ப யாரு பார்க்கறது?"

அடுப்புக்காரரின் நாக்கு அனலில் காய்ந்துபோன நாக்கு. சூடு, ஆறியது என்னும் இரண்டு சுவைகள்தாம் அவருக்குத் தெரியும். மகனுக்கோ தான் பிசைந்தது எல்லாமே நன்றாக இருக்கும். நாத்தனாருக்கு ரொட்டியே ஆகாது.

"நான் ஒண்ணு சொல்லவாம்மா?" என்றான் மகன். "வாயில போட்டு ருசி பார்த்துட்டு துப்பிடு. உள்ளே போனாத்தானே எடை?"

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம ரொட்டியை நானே துப்பினா, வாங்கறவங்க என்னடா செய்வாங்க? போய் வேலையைப் பாரு."

முடிவில், கண்ணால் பார்த்தும், தட்டிய ஓசையைக் கேட்டும் அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். கணவர் தட்டுவார், அம்மாள் நாற்காலியில் இருந்தபடி காது கொடுப்பார். வேகாத ரொட்டி ஒன்றுகூட அதில் தப்பவில்லை. ஆனால் அந்த அறையில் அமர்ந்துகொண்டு தின்னாமல் இருப்பது இருக்கிறதே, அது சொல்லுந்தரமன்று. ஈடு இறங்கும்போதெல்லாம் வாசனை நேரே வந்து நாசியில் குத்தும். வாயில் நீர் ஊறும். கை தன்னையறியாமல் மேசையை நோக்கி நகரும். அம்மாள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அவித்த முட்டையும் காய்களும் நிறைந்த தட்டு பக்கத்தில் இருக்கும். அதை வேளை தவறாமல் உண்டார். உண்டபின்னும் வாய் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"வெளியில வந்து என்கூட நில்லுங்களேன் அண்ணி" என்று நாத்தனார் அழைப்பார்.

"வெளியில போயிட்டா உள்ள நான் எதுக்கு?" என்று மறுத்துவிடுவார் அம்மாள்.

இவ்வாறு சில வாரங்கள் சென்றன. பாவாடை நாடாவை இழுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. காலையில் விரல்களின் விறைப்பு விடுவதற்குச் சிறிது குறைவான நேரமே ஆவதாக அம்மாளுக்குத் தோன்றியது. தோற்றமோ உண்மையோ என்ற ஐயத்தால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்நிலையில்தான் உப்பு விஷயம் நிகழ்ந்தது. புழுக்கம் மிகுந்த ஒரு காலை. மகன் அளந்து வைத்த உப்புக் கிண்ணத்தின்மேல் அவன் துண்டே விழுந்து மூடிவிட்டது. அவன் உப்பிடாமலே மாவைப் பிசைந்துவிட்டான். அந்த மாவு வழக்கத்துக்கு முன்பே பொங்கி, அச்சின் விளிம்பைத் தாண்டித் தொய்ந்து நின்றது. அம்மாள் அதைப் பார்த்தார். என்னவோ சரியில்லை என்று மனத்தில் பட்டது. புழுக்கத்தால் இருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வெந்து வந்தபோது மேற்புறம் சிவக்காமல் வெளிறியிருந்தது. அடுப்புக்காரர் இன்னும் சிறிது நேரம் உள்ளே விட்டு எடுத்தார். தட்டினார். ஓசை சரியாகவே வந்தது. உப்பு இல்லை என்பதை ஓசை சொல்லுமா? அந்த ஈடு முழுவதும் மாணவர் விடுதிக்குப் போயிற்று.

பிற்பகலில் விடுதிச் சமையல்காரர் கூடையோடு வந்தார். கடைவாயிலையே மறைத்துக்கொண்டு நிற்கக்கூடிய ஆகிருதி.

"என்னம்மா இது? ரொட்டின்னு நினைச்சு வாங்கினா பஞ்சை வேகவைச்சு அனுப்பியிருக்கீங்க?"

"என்ன ஆச்சுண்ணே?" என்றார் நாத்தனார்.

"தின்னு பாருங்க. நீங்கதான் திங்க மாட்டீங்களே, அதான் தைரியமா விக்கறீங்க. பசங்க ஒருத்தன் மேல ஒருத்தன் தூக்கி அடிச்சு விளையாடறானுங்க. 'சமையல்காரரே, உப்பு விலை ஏறிப்போச்சா'ன்னு என்னைக் கேலி பண்றானுங்க. நான் சமைச்சதுக்குத் திட்டு வாங்கலாம், ஒத்துக்கறேன். நீங்க சுட்டதுக்கும் நான்தான் வாங்கணுமா? இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற கடைதான் பார்க்கணும், சொல்லிட்டேன்."

அவர் போனபின் உள்ளறையில் பேச்சு வெடித்தது. மகன் தலைகுனிந்து நின்றான். அடுப்புக்காரர் மனைவியின் எதிரே வந்து நின்றார்.

"ஒரு வாய். ஈட்டுக்கு ஒரே ஒரு வாய். அதுக்கு மேல வேண்டாம். இதுல என்ன வந்துடப் போகுது?"

"ஒரு வாய்னுதாங்க இத்தனை வருஷமும் தின்னேன்."

"கடை பேரு கெட்டுப்போச்சுன்னா?"

"கெடக்கூடாது. அதுக்கு என் கையைக் குடுக்கணுமா?" அம்மாளின் குரல் உயரவில்லை, ஆனால் அடுப்பிலிருந்த விறகு வெடிக்கும் ஓசைகூட அப்போது பெரிதாகக் கேட்டது. "நான் இந்த மேசையில மறுபடியும் மாவு உருட்டணும். ஒரு நாளாச்சும் உருட்டணும். நாக்கை வைச்சுக்கிட்டு நாற்காலியிலயே உக்காந்திருக்கறதுக்கா நான் இந்த வீட்டுக்கு வந்தேன்? இன்னைக்கு மாவு பொங்கின பொங்கல்லயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வாயைத் திறந்து சொல்லியிருக்கணும், சொல்லல. திங்கறதை விட்டவ பேசறதையும் விட்டுட்டேன். அது என் தப்பு. அதைத் திருத்திக்கறேன். பிட்டு வாயில போட மாட்டேன்."

அடுப்புக்காரர் அடுப்பின் பக்கம் திரும்பி விறகைத் தள்ளிவிட்டார்.

"அடுத்த ஈடு எப்ப இறங்கும்?" என்றார் அம்மாள்.

"இதோ."

"அதைக் கூடையில போடுங்க. விடுதிக்கு நானே போய்க் குடுத்துட்டு வரேன்."

"நீ நடந்தா?"

"நடந்துதான். டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருக்காங்க. இன்னைக்குத்தான் எனக்கு அதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு."

கூடையை மகன் சுமந்தான். அம்மாள் தெருவின் ஓரமாக, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். மருந்துக்கடைப் படியில் ஒருமுறையும், தபால் நிலையத் திண்டில் ஒருமுறையும் உட்கார்ந்தார். விடுதிச் சமையலறைக்குள் அவர் மூச்சு வாங்க நுழைந்ததைக் கண்ட சமையல்காரர் பதறிப்போய் முக்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க? நான் ஏதோ கோவத்துல ரெண்டு வார்த்தை..."

"நீங்க சொன்னது சரிதான் தம்பி. அந்த ரொட்டி என் கண்ணு முன்னாடிதான் போச்சு. இதைப் பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க."

சமையல்காரர் பிட்டார், மென்றார், தலையசைத்தார். தம் ரொட்டியை வேறொருவர் மென்று தீர்ப்புச் சொல்வதை மாவுக்காரம்மாள் அன்றுதான் முதன்முதலாக எதிரே உட்கார்ந்து பார்த்தார். அந்தச் சிறு நேரத்துக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

மறுநாள் காலை முதல் ஈடு இறங்கியபோது, அம்மாள் கடைப்பக்கம் குரல் கொடுத்தார். "ஏய் குச்சி, இங்க வா."

நாத்தனாரை நேருக்கு நேர் அப்பெயரால் அழைக்கும் உரிமை அவ்வீட்டில் அவர் ஒருவருக்கே உண்டு. நாத்தனார் வந்தார்.

"இனிமே நீ பிட்டுப் பாரு."

"நானா? எனக்கு ரொட்டின்னாலே தொண்டையில இறங்காது, தெரியும்ல?"

"தெரியும். பிடிச்சுத் திங்கறவ எனக்கு வேண்டாம். நான் இருக்கேனே, போதாதா? உக்காரு."

நாத்தனார் கசப்பு மருந்தைக் குடிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு துண்டை மென்றார்.

"எப்படி இருக்கு?"

"ரொட்டி மாதிரி இருக்கு."

"அது எனக்கும் தெரியும். உப்பு வருதா?"

"வருது."

"முதல்ல வருதா, மென்ன பிறகு வருதா?"

"அண்ணி, இது என்ன ரொட்டியா, வழக்கா? ... மென்ன பிறகுதான் வருது. இருங்க." நாத்தனார் மெல்வதை நிறுத்தினார், மறுபடியும் மென்றார். "கடைசியில லேசா ஒரு புளிப்பு. நாக்கோட அடியில."

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகனைப் பார்த்தார். அவன், தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த நேற்றைய மாவைச் சுரண்டாமல் விட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டான்.

"எனக்கு இது தெரிஞ்சிருக்காது" என்றார் அம்மாள் மெதுவாக. "நான் பிரியத்தோட திங்கறவ. குத்தம் கண்ணுல படாது."

"எனக்குப் பிரியம் இல்ல. அதான் எல்லாம் படுது" என்றார் நாத்தனார். அவர் முகத்தில் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்ததை அடுப்புக்காரர்கூடக் கவனித்தார்.

அன்று முதல் அவ்வறையின் ஏற்பாடு மாறிற்று. மகன் பிசைவான், உப்பு போட்டாயா என்று அம்மாள் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்பார். அடுப்புக்காரர் தட்டுவார், அம்மாள் கேட்பார். நாத்தனார் மெல்வார், அம்மாள் குறுக்கு விசாரணை செய்வார். பிட்ட ரொட்டியின் மிச்சத்தை நாத்தனார் வாங்க வருவோருக்கு மாதிரித் துண்டுகளாக வைத்துவிடுவார். காலை ஈடு முடிந்ததும் மகன் கூடையோடு முன்னே செல்ல, அம்மாள் விடுதி வரையில் நடந்துவிட்டு வருவார். தபால் நிலையத் திண்டில் உட்காருவது சில வாரங்களில் நின்றது. மருந்துக்கடைப் படி அதற்குப் பின்னும் சிறிது காலம் தேவைப்பட்டது.

"உங்க உடம்பு என் மேல ஏறுது அண்ணி" என்று நாத்தனார் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார். "ரவிக்கை பிடிக்குது."

"உனக்கு ஏறலாம். காத்து அடிச்சா பறந்துபோயிடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

எல்லாம் நேர்கோடாகப் போய்விடவில்லை. மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், எடை நன்றாகவே குறைந்திருந்த நிலையில், ஒரு காலை அம்மாளால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. மணிக்கட்டுகள் இரண்டும் பன் போல் உப்பிக் கனன்றன. சீப்பைப் பிடிக்க முடியாமையால் நாத்தனார் தலை வாரிவிட்டார். அடுப்புக்காரர் கதவோரத்தில் வந்து நின்றார்.

"வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி, என்ன பலன்?" என்றார். அது கோபம் அன்று, ஆற்றாமை. "பேசாம ஒரு துண்டு தின்னுட்டாச்சும் படு. ஆசைப்பட்டதாவது கிடைக்கும்."

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு கணம் அவர் இணங்கிவிடுவார் என்றே நாத்தனார் எண்ணினாராம்; சீப்பைப் பிடித்த கை நின்றுபோயிற்று என்று பின்னர் அவரே சொன்னார்.

"ஏங்க, உங்க அடுப்பு என்னைக்காச்சும் ஒரு நாள் புகையறதில்லையா?" என்றார் அம்மாள். "அன்னைக்கு அடுப்பையே இடிச்சுடறீங்களா?"

அடுப்புக்காரர் திரும்பிப் போய்விட்டார். அன்று மாலை அவரே அடுப்பை மகனிடம் விட்டுவிட்டு மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

"எடை குறைஞ்சா நோய் போயிடும்னு நான் சொல்லவே இல்லம்மா" என்றார் மருத்துவர். "இது ஏறும், இறங்கும். இதுக்கு மருந்தைக் கொஞ்சம் மாத்தித் தரேன். ஆனா இதைப் பாருங்க, ரத்தத்துல வீக்கத்தோட அளவு. இவ்வளவு மோசமான நாள்லயும், போன கோடையில சாதாரணமா இருந்த அளவைவிடக் கம்மியாத்தான் இருக்கு. நீங்க செய்யறது வீண் இல்ல. விடாதீங்க."

"நான் எங்க விட்டேன்?" என்றார் அம்மாள். "இவர்கிட்ட சொல்லுங்க."

அடுப்புக்காரர் தரையைப் பார்த்தார். திரும்புகையில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே பேருந்தை விட்டு இறங்கி, மழை விட்டிருந்த தெருவில் மனைவியோடு மெல்ல நடந்து வந்தார். மருந்துக்கடைப் படி வந்தபோது தாமாகவே நின்று, "உக்காரறியா?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாம், போலாம்" என்றார் அம்மாள்.

புதிய மாத்திரைகளோடு அந்த வீக்கம் இறங்கிற்று. முன்பு இறங்கியதைக் காட்டிலும் விரைவாகவே இறங்கிற்று. பனி விழத் தொடங்கிய நாள்களில், காலையில் கையின் விறைப்பு அடுப்பு சூடேறுவதற்குள் விட்டுவிடலாயிற்று. அம்மாள் மாவுத்தொட்டியின் அருகில் போய் நின்று, உள்ளங்கை அளவு மாவைக் கிள்ளி, யாரும் பாராதபோது மேசைமேல் உருட்டிப் பார்ப்பார். முதலில் அது உருண்டையாகவே இல்லை. மகன் பார்த்தும் பாராதவன்போல் அதையும் அச்சில் இட்டுச் சுட்டான். கோணலாக வெந்த அந்தக் குட்டி ரொட்டிகளை நாத்தனார் கடையில் முன்வரிசையில் வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் அவற்றைத்தான் முதலில் கேட்டனர்.

ஒருநாள் காலை. இரவெல்லாம் பெய்த பனியில் தெரு நனைந்திருந்தது. முதல் ஈடு இறங்கிற்று. அடுப்புக்காரர் ஒரு ரொட்டியைத் துணியில் பொதிந்து எடுத்து வந்தார். தட்டுவதற்காகக் கையை ஓங்கினார்.

"இருங்க. இப்படிக் குடுங்க" என்றார் அம்மாள்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ரொட்டியைக் கவிழ்த்து இடக்கையில் ஏந்தினார். வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். சுண்டுவிரல் மட்டும் முழுவதும் வரவில்லை. அது சற்று வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மற்றவை உள்ளங்கையைத் தொட்டன. அவர் அந்தக் கையால் ரொட்டியின் அடிப்புறத்தில் தட்டினார். மறுபடியும் தட்டினார். வெற்றுப் பானையின் ஓசை அறையில் எழுந்து அடங்கிற்று.

அடுப்புக்காரர், "கடைக்கு அனுப்பலாமா?" என்றார். மகன் தட்டுகளைத் தூக்கக் குனிந்தான்.

"யாரும் தொடாதீங்க" என்று கடைப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே நாத்தனார் உள்ளே வந்தார். "ஓசை நல்லா இருந்தா போதுமா? நான் இன்னும் பிட்டுப் பார்க்கலையே."

அம்மாள் ரொட்டியை அவரிடம் நீட்டினார். நாத்தனார் பிட்டார், ஆவியை முகர்ந்தார், ஒரு துண்டை வாயிலிட்டுக் கண்ணை மூடினார். மாவுக்காரம்மாள் மற்றவர்களைப் போலவே வாய் திறவாமல் நின்றார். நாத்தனார் மென்று முடித்துத் தலையை அசைக்கும் வரையில், மடக்கிய அந்தக் கையை அவர் திறக்கவே இல்லை.